காக்கி அட்டைக்குள் ஒரு சீமைக் கல்யாணம்

போடியில் பெண் கொடுக்கிறவர்கள் மூன்று விஷயம் விசாரிப்பார்கள். பையன் குடிப்பானா, சீட்டு விளையாடுவானா, மலையில் வேலை பார்க்கிறவன் என்றால் அங்கே வேறு ஏதாவது தொடுப்பு இருக்கிறதா. என்னைப் பற்றி விசாரித்தபோது மூன்றுக்கும் இல்லை என்றே பதில் போயிருக்கிறது. டீக்கடைக்காரரில் இருந்து ஜீப்பு டிரைவர் வரைக்கும் நல்லதாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். நான் கதைப் புத்தகம் படிக்கிறவன் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அது யாருக்கும் தெரியாது. அதுவே பின்னால் வினையாகப் போயிற்று.

எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். சிலமலையில் அப்பாவுக்குக் கொஞ்சம் தோட்டமும் ஒரு கிணறும் உண்டு. அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும், அவ்வளவுதான். அம்மாவுக்கு அதுவும் வராது. தமிழிலேயே படித்துத் தேறி எழுபதுகளின் நடுவில் போடியில் காலேஜில் சேர்ந்தேன். அங்கே பாடமெல்லாம் இங்கிலீஷில் நடந்தது. வாத்தியார் சிரித்தால் நானும் சிரிப்பேன், ஏன் என்று தெரியாது. முதல் பரீட்சையில் இங்கிலீஷில் தோற்றுப் போனேன். பாடப் புத்தகத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் இப்படித்தான் ஆகும், கதைப் புத்தகம் ஏதாவது படி என்று வகுப்பில் பொதுவாகச் சொன்னார்கள். நான் அதைச் சட்டம் மாதிரி எடுத்துக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பழைய பேப்பர் கடை ஒன்று இருந்தது. மேலே ஏதோ ஒரு டீ எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது இறங்கிய லோடில் இங்கிலீஷ் புத்தகங்கள் ஒரு சாக்கு நிறைய வந்திருந்தன. கடைக்காரர் அவற்றைக் கிழித்துப் பொட்டணம் மடிக்க ஆரம்பித்திருந்தார். எல்லாம் சின்னச் சின்னப் புத்தகம், சட்டைப் பைக்குள் போகிற அளவு. நான் கிழியாததாகப் பார்த்துப் பதினாலு பொறுக்கிக்கொண்டேன். உள்ளே வாக்கியங்கள் சின்னதாக இருந்தன, பேச்சு நிறைய இருந்தது. அதற்காகத்தான் எடுத்தேன். காதல் கதை என்பது பாதிப் புத்தகம் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அந்தக் கதைகள் எல்லாமே ஒரே காலத்தில் நடப்பவை. இங்கிலாந்தில் ஒரு ராஜாவுக்குப் புத்தி பேதலித்துப் போய் அவருக்குப் பதிலாக மகன் பார்த்துக்கொண்டாராமே, அந்தச் சில வருஷங்கள். பெண்களுக்கு மார்புக்குக் கீழேயே இடுப்பு ஆரம்பிக்கிற மாதிரி தரை வரைக்கும் கவுன். ஆண்களுக்கு முழங்கால் வரைக்கும் பூட்ஸ். முதல் புத்தகத்தை முடிக்க இரண்டு மாதம் பிடித்தது. குதிரை வண்டிக்கே அஞ்சாறு பெயர் வந்தது. எதற்கு எத்தனை குதிரை, எதற்குக் கூரை உண்டு என்பதெல்லாம் அகராதியைப் பார்த்தும் விளங்கவில்லை. நானாக ஒன்றை ஜீப்பு என்றும், ஒன்றை வில்வண்டி என்றும், ஊர் சனமெல்லாம் ஏறுகிற பெரிய வண்டியைக் கம்பம் பஸ்சு என்றும் வைத்துக்கொண்டேன். கதைக்கு ஒன்றும் குறைந்து போகவில்லை.

இரண்டாவது புத்தகத்தில் ஒன்று பிடிபட்டது. இது எனக்குத் தெரிந்த ஊர். நிலம் மூத்தவனுக்குப் போகிறது. கட்டிக் கொடுக்க வேண்டிய பெண் வீட்டில் இருக்கிறாள். யார் வீட்டுக்கு யார் முதலில் போவது என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பந்தியில் யாருக்கு எந்த இடம் என்பது பிறக்கும்போதே முடிவாகியிருக்கிறது. ஒரு வார்த்தை தப்பினால் இரண்டு குடும்பம் பேச்சு வார்த்தை இல்லாமல் போகிறது. எங்கள் பெரியப்பா ஒருவர், கல்யாண வீட்டில் தனக்குத் தாம்பூலம் கொடுக்க மறந்துவிட்டார்கள் என்று பல வருஷம் அந்த வீட்டு வாசலை மிதிக்காதவர். அவருக்கு ஒரு கோட்டு மாட்டி அந்தக் கதைக்குள் உட்கார வைத்திருந்தால் யாரும் வித்தியாசம் கண்டிருக்க மாட்டார்கள்.

விளங்காத விஷயமும் இருந்தது. அங்கே யாரும் சோலி பார்ப்பதாகத் தெரியவில்லை. பெரிய பெரிய நிலம் இருக்கிறது என்கிறார்கள், தண்ணி பாய்ச்ச ஒரு ஆள் எழுந்து போவதைக் காணோம். காலையில் சாப்பிட்டு முடித்துக் கடிதம் எழுதுகிறார்கள், பிறகு அடுத்த வேளை சாப்பாட்டுக்கு உடுப்பு மாற்றுகிறார்கள். இதை ஒரு குறையாக நினைத்துப் பல நாள் யோசித்திருக்கிறேன்.

ஆனால் சுத்தமான கதைகள். இருநூறு பக்கத்தில் ஒருத்தர் கை ஒருத்தர் மேல் படுவது இரண்டு தடவை இருந்தால் அதிகம். அதற்கே அந்தப் பெண்ணுக்கு ராத்திரி தூக்கம் வராது. எல்லா மனஸ்தாபமும் கடைசியில் தீர்ந்துவிடும், கல்யாணம் நடக்கும். நல்லபடியாக முடியும் என்று தெரிந்துகொண்டே நடுவில் பயப்படுவது ஒரு சுகம். என்னைச் சுற்றி அப்படி எதுவும் நிச்சயமாக இல்லாத வயசு அது. அந்த வருஷம் இங்கிலீஷிலும் தேறினேன்.

காலேஜ் முடிந்ததும் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலை கிடைத்தது. யார் வேலைக்கு வந்தார்கள், எத்தனை கிலோ காய் எடுத்தார்கள் என்று பேர் எழுதுகிற வேலை. முதலாளிக்கு வருகிற இங்கிலீஷ் கடிதங்களுக்குப் பதிலும் நான்தான் எழுத வேண்டும். மழை மாதங்களில் மதியமே மஞ்சு இறங்கி, பத்தடியில் இருக்கிற செடி தெரியாது. வேலையை நிறுத்திவிடுவார்கள். மலையாளத்துச் சமையல்கார சேட்டன் பாலில்லாத கட்டன் சாயா போட்டு வைத்துவிட்டுப் போவார். நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சீமைக்குப் போய்விடுவேன். சில புத்தகங்களை நாலைந்து தடவை படித்தேன். கடிதம் எழுதும்போது அந்த நடை வந்து ஒட்டிக்கொண்டது. உரக் கம்பெனிக்கு எழுதின ஒரு கடிதத்தை, தங்கள் பணிவான ஊழியனாக என்றும் இருக்கும் பெருமையை வேண்டி என்று முடித்திருந்தேன். முதலாளி படித்துப் பார்த்துவிட்டு, யூரியா கேக்கத்தானப்பா எழுதுன என்றார்.

இனி அட்டையைச் சொல்ல வேண்டும். கதை எவ்வளவு சுத்தமோ, அதற்கு மேலே போட்டிருந்த படம் அப்படி இல்லை. பெண் கழுத்து இறங்கின கவுனில் பின்னால் சாய்ந்து நிற்பாள். பூட்ஸ் போட்டவன் அவளை விழுந்துவிடாமல் பிடித்திருப்பான். உள்ளே அப்படி ஒரு இடமே வராது. ஏன் அப்படி வரைகிறார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. பார்க்கிறவர்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்று, பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுகிற மாதிரி பதினாலுக்கும் காக்கித் தாளில் அட்டை போட்டேன். மூலையை மடித்து, லேபிள் ஒட்டி, என் பெயரும் எழுதி வைத்தேன். புத்தகம் என்றால் அதற்கு மரியாதை அப்படித்தான் என்று பழகியவன் நான். பஸ் ஸ்டாண்டில் மஞ்சள் புத்தகம் வாங்குகிறவர்களும் காக்கித் தாளில் சுற்றித்தான் கொண்டு போவார்கள் என்பது மச்சான் சொல்லித்தான் தெரியும்.

மச்சான் என்று நான் சொல்வது எனக்குப் பார்த்த பெண்ணின் அண்ணனை.

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் வீடு அது. அம்மா வழியில் தூரத்துச் சொந்தம், பெண்ணின் அப்பா எனக்கு மாமா முறை. பெண் பி.யு.சி. முடித்திருந்தது. பெண் பார்க்கப் போனபோது காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் இருந்த காலண்டரைப் பார்த்தது. பிள்ளைக்கு வேறு பழக்கம் ஒன்றும் இல்லை, பலசரக்கு கட்டி வருகிற பேப்பரைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அடுப்பில் போடும் என்று அவளுடைய அம்மா ஏதோ குறை சொல்வது போலச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு மனசு நின்றுவிட்டது. வேறு இடம் பார்க்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அவர்களுக்கும் சம்மதம். வெற்றிலை மாற்ற நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்கு முன்னால் பையன் வேலை செய்கிற இடத்தை ஒரு எட்டு பார்த்து வரட்டும் என்று அண்ணனை அனுப்பினார்கள். அது முறைதான்.

அவர் ஜீப்பில் வந்து இறங்கியபோது நான் காட்டுக்குள் காய் எடுப்பில் நின்றிருந்தேன். சேட்டன் அவரை என் அறையில் உட்கார வைத்திருக்கிறார். நான் வருவதற்குள், தலைமாட்டில் வரிசையாக இருந்த காக்கி அட்டைகளை அவர் பார்த்துவிட்டார். ஒன்றை எடுத்துத் தாளைக் கழற்றிப் படத்தையும் பார்த்துவிட்டு, பழையபடி மாட்டி வைத்துவிட்டார். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாயா குடித்தார், மழை எப்படி என்று கேட்டார், அடுத்த ஜீப்பில் இறங்கிப் போய்விட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். நல்ல மனுஷர், அதிகம் பேசாதவர் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் ஜீப்பு டிரைவர் சேதி கொண்டுவந்தார். அப்பா வெரசா கீழே வரச் சொன்னாராம். அந்தப் படம் போட்ட புத்தகத்தையும் கொண்டா என்றாராம். எந்தப் படம் என்று கேட்டதற்கு டிரைவர் மலையைப் பார்த்துக்கொண்டு, எனக்கென்ன தெரியும் என்றார். அவருக்குத் தெரிந்திருந்தது.

வீட்டில் அம்மா மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பையன் அசிங்கமான புத்தகம் படிக்கிறான், ஒன்று ரெண்டு இல்லை, ஒரு வரிசை வைத்திருக்கிறான் என்று போடியில் இருந்து சொல்லியனுப்பியிருந்தார்கள். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று இன்னும் சொல்லவில்லை, ஆனால் சொல்லிவிடுவார்கள். நான் அம்மாவுக்கு விளக்கப் பார்த்தேன். அதெல்லாம் இல்லம்மா, சீமையில ஒரு பொண்ணு இருக்கா என்று ஆரம்பித்தேன். பொண்ணு என்ற சொல் வந்ததுமே அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா திட்டவில்லை. புத்தகத்தைக் கையில் வாங்கி, படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு புரட்டி எழுத்தைப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"இந்தப் படத்துல இருக்கிறது உள்ள இருக்கா அப்பு?"

இல்லை என்றேன்.

"அப்ப எந்திரி. போயிருவோம்."

துண்டை உதறித் தோளில் போட்டார். கூப்பிடாத வீட்டுக்குப் போவது எங்கள் பக்கம் பெரிய இறக்கம். அதற்குப் பயந்துகொண்டு எத்தனையோ சம்பந்தம் முறிந்திருக்கிறது. பஸ் ஏறினோம். நான் புத்தகத்தை மறுபடி காக்கித் தாளில் சுற்றப் போனேன். அப்பா அந்தத் தாளை வாங்கிச் சுருட்டி ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டார்.

போடியில் அந்த வீட்டு முன்னறையில் மாமா, அத்தை, மச்சான் மூன்று பேரும் இருந்தார்கள். உள் கதவு பாதி சாத்தியிருந்தது. சுவரோரம் ஏலக்காய் மூட்டைகள், வீடெல்லாம் அந்த வாசனை. உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். காப்பி வரவில்லை. அது எனக்குப் புரிந்தது, அப்பாவுக்கும் புரிந்தது.

அப்பா புத்தகத்தை மாமா முன்னால் வைத்தார். எம் மகன் தப்பில்லங்கிறான், எனக்குப் படிக்கத் தெரியாது, நீங்களே பாத்துக்கங்க என்றார். இங்கேதான் சிக்கல் வந்தது. மாமாவுக்குத் தமிழ்தான் வாசிக்க வரும். மச்சான் ஒன்பதாம் வகுப்போடு கடைக்கு வந்துவிட்டவர். அந்த வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தது பெண் ஒன்றுதான். கெட்ட புத்தகமா என்று பார்ப்பதற்காக அதைப் பெண் கையில் எப்படிக் கொடுப்பது? வெளியே ஒரு வக்கீலிடமோ வாத்தியாரிடமோ கொண்டு போனால், நம்ம வீட்டுச் சங்கதி சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடும் என்று அத்தை சொன்னார்.

நானே படித்து அர்த்தம் சொல்கிறேன் என்றேன்.

மச்சான் சிரித்தார். "நல்லாருக்கே. களவாண்டவனையே சாட்சி சொல்லச் சொல்லுவோம்."

மாமா அவரைக் கையமர்த்தினார். அவர் புத்தகத்தைக் கையில் எடுத்து, படத்தைப் பார்க்காமல் ஓரத்தை மட்டும் கட்டை விரலால் நெருடிப் பார்த்தார். காய் வாங்குகிறவர்கள் மூட்டையை அப்படித்தான் பார்ப்பார்கள். விற்கிறவன் நல்ல பச்சைக் காயை மேலே பரப்பியிருப்பான், வெளுத்தது வெடித்ததை நடுவில் விட்டிருப்பான், சருகும் தூசியும் அடியில் கிடக்கும். வாங்குகிறவர் மேலே ஒரு கை, நடுவில் ஒரு கை, அடியில் ஒரு கை அள்ளுவார். ஒரு காயை நகத்தால் கீறி, தொலியை உரித்து உள்ளே இருக்கிற அரிசி கறுப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார். பேச்சே இருக்காது.

"விக்கிறவங்கிட்டதான் தம்பி மூட்டையத் தொறக்கச் சொல்றோம்" என்றார் மாமா. "ஆனா கை வைக்கிற எடம் அவன் சொல்றதில்ல. மூணு எடத்துல பாப்போம். நான் காட்டுற எடத்தப் படிங்க."

முதலில் மேலே விரலை விட்டுப் பிரித்துக் கொடுத்தார். நான் முதலில் இங்கிலீஷில் வாசித்தேன். அப்படி வாசித்தால்தான் இட்டுக்கட்டவில்லை என்று நம்புவார்கள் என்று தோன்றியது. பிறகு தமிழில் சொன்னேன். அப்பா அம்மா இல்லாத ஒரு பெண், அவளை வளர்க்கிற அத்தை என்று சொல்ல வந்து, எதிரே எனக்கு அத்தையாகப் போகிறவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பெரியம்மா என்று மாற்றிக்கொண்டேன். இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், அதனால் பாவமில்லை. அந்தப் பெரியம்மா அவளைக் கூட வைத்துக்கொண்டு டீ ஊற்றவும் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் வைத்திருக்கிறாள். அன்றைக்கு விருந்து. அந்தப் பெண் தெரியாமல் தன் தகுதிக்கு மேலான ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பெரியம்மா எல்லார் முன்னாலும் எழுந்திரிக்கச் சொல்கிறாள்.

அத்தை கன்னத்தில் கை வைத்தார். சோத்துல உக்காந்த பிள்ளைய எழுப்புனாளா, அவ வெளங்குவாளா என்றார். மச்சான் அம்மாவைப் பார்த்து முறைத்தார்.

இரண்டாவது, நடுவில். அங்கே ஒரு நடனம் வந்தது. என் நேரம். அந்தப் பெண்ணும் பக்கத்து நிலத்துக்காரன் ஒருவனும் ஆடுகிறார்கள் என்று சொன்னேன்.

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆடுறாங்கள்ல? பாத்தீங்களா?"

நான் விளக்கினேன். கும்மி மாதிரி, வரிசை வரிசையாக. பெரியவர்கள் எல்லாரும் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அதிலும் ஒரு முறை உண்டு. ஒருவனோடு ஒரு தடவை ஆடலாம், இரண்டாம் தடவை ஆடலாம். மூன்றாம் தடவை ஆடினால் அவனுக்குத்தான் என்று ஊரே முடிவு கட்டிவிடும். இந்தப் பக்கத்தில் அவன் மூன்றாம் தடவை கூப்பிடுகிறான். அவளுக்கு ஆசைதான், ஆனாலும் பெரியம்மா பேருக்குக் கெடுதல் வரக்கூடாது என்று கால் வலிக்கிறது என்று சொல்லிவிடுகிறாள்.

அந்தக் கிழவிக்காகவா, என்றார் அத்தை. மாமா மூட்டையில் இருந்து இரண்டு காயை எடுத்து அப்பாவிடம் ஒன்று நீட்டினார். இரண்டு பேரும் வாயில் போட்டுக்கொண்டார்கள்.

மூன்றாவது, அடி. எனக்கு அந்தப் புத்தகம் பக்கம் பக்கமாகத் தெரியும். எந்தப் பக்கம் வரக்கூடாது என்றும் தெரியும். மாமா விரல் நேராக அங்கேதான் போய் விழுந்தது.

வாசித்தேன். அவன் பெரியம்மா வீட்டுக்கு முறையாக வந்து பெண் கேட்டுவிட்டு, தோட்டத்தில் அவளைப் பார்க்கிறான். என் வீடு பெரிசு, ஆனால் கூரை ஒழுகும், வாளி வைத்துத்தான் படுக்க வேண்டும் என்று உண்மையைச் சொல்கிறான். எனக்கு வாளி எடுத்து வைக்கத் தெரியும் என்கிறாள் அவள். அதற்குப் பிறகு ஒரு வரி. அதை இங்கிலீஷில் வாசித்துவிட்டேன். தமிழில் சொல்ல வாய் வரவில்லை. எதிரே மாமா, அத்தை. பக்கத்தில் என்னைப் பெற்றவர்.

"அவளோட கையப் பிடிச்சு, கண்ணுல ஒத்திக்கிட்டான்" என்றேன்.

உள் கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு. சின்னதுதான், அடக்கப் பார்த்து முடியாமல் வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். இங்கிலீஷ் தெரிந்த ஒரு ஆள் அந்தக் கதவுக்குப் பின்னால் முதல் வரியில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதை அந்த நிமிஷம் வரைக்கும் நான் யோசிக்கவே இல்லை. எனக்கு நானே படித்துக்கொண்டு பழகியவன்.

"என்ன தாயி?" என்றார் மாமா.

அவள் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். நானும் அப்படித்தான் வேண்டிக்கொண்டேன். ஆனால் கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது.

"கண்ணுல ஒத்திக்கலப்பா. கையில முத்தம் குடுத்தான்னு போட்டிருக்கு. அவ கையுறை போட்டிருக்கா, அதுக்கு மேல. அது ஒண்ணுதான் மாத்திச் சொன்னாரு. மத்ததெல்லாம் சொன்னபடிதான் இருக்கு."

மச்சான் என்னைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். முடிந்தது என்று நினைத்தேன். மாமா காயை மென்றுகொண்டே யோசித்தார்.

"கையுறைன்னா?"

"கைக்குப் போடுற உறைப்பா. தோலுல தைச்சது."

"அப்ப தொலி மேலதான்" என்றார் மாமா. "அரிசிக்குப் போகலையே."

அத்தைதான் முதலில் சிரித்தார், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. பிறகு அப்பா. அப்பா அந்த மாதிரிச் சிரித்து நான் பார்த்ததில்லை. உடம்பு குலுங்கியது, கண்ணைத் துடைத்துக்கொண்டார். மச்சான் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தார், அவராலும் முடியவில்லை. நான் மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

மாமா புத்தகத்தை மூடினார். "ஒரு எடத்துல மாத்திச் சொன்னீங்களே தம்பி."

ஆமா மாமா, பெரியவங்க முன்னால சொல்ல நாக்கு வரல என்றேன்.

"கூசாமச் சொல்லியிருந்தீங்கன்னாதான் நான் யோசிச்சிருப்பேன்." திரும்பி உள்ளே பார்த்தார். "காப்பி என்ன ஆச்சு?"

காப்பி வந்தது. அவளே கொண்டுவந்தாள். இந்தத் தடவை காலண்டரைப் பார்க்கவில்லை. மாமா புத்தகத்தை அவளிடம் நீட்டி, உள்ளே கொண்டு போகச் சொன்னார். அட்டைப் படம் மேலே இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு, இது இந்தக் கதையே இல்லையே என்று சொல்லிக்கொண்டே போனாள். அத்தனை நாள் அந்தப் படத்துக்கு நான் பயந்திருந்தேன். அதற்கு இவ்வளவுதான் பதில் என்று அதுவரைக்கும் எனக்குத் தோன்றவே இல்லை.

வெற்றிலை மாற்ற அடுத்த வாரமே நாள் பார்த்தார்கள். விடைபெறும்போது மச்சான் வாசல் வரைக்கும் வந்தார். புத்தகத்துக்குக் காக்கி அட்டை போடாதீங்க மாப்ளே, அது வேற வகைக்குப் போடுறது என்று என் காதில் சொன்னார். என்ன வகை என்று கேட்டேன். சொன்னார்.

பஸ்சில் இடம் கிடைத்தது. ஜன்னலில் காற்று வந்தது. சேதி வந்ததில் இருந்து நெஞ்சில் கட்டி வைத்திருந்த கல் எங்கே போனது என்று தெரியவில்லை, உடம்பே எடை இல்லாமல் இருந்தது. நான் பொய் சொன்னதற்கு அப்பா ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். இறங்க எழுந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"அந்தப் பெரியம்மாக்காரி கடைசியிலயாவது திருந்துனாளா?"

"இல்லப்பா. கல்யாணத்துக்கு வந்தா, ஆனா சாப்பிடாமப் போயிட்டா."

"திருந்த மாட்டா" என்றார் அப்பா. அவருக்கு அது திருப்தியாக இருந்தது போலத் தெரிந்தது.

அம்மா தெரு முனையிலேயே நின்றிருந்தாள். தூரத்தில் இருந்தே எங்கள் இரண்டு பேருடைய நடையையும் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, உலை வைக்க வீட்டுக்குள் போய்விட்டாள்.